வேலியில் ஏறிய உண்ணிமுள்ளுக்கு 35 சிசி பிரஷ் கட்டர்: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

உண்ணிமுள் மண்டிய வேலியைச் சுத்தம் செய்ய பிரஷ் கட்டர் (புதர் வெட்டும் மெஷின்) வாங்கலாமா? வாங்கலாம். ஆனால் மெஷின் பாதி வேலையைத்தான் முடித்துத் தரும். மீதிப் பாதி நீளக் கைப்பிடிக் கத்தரி, குந்தாலி, கவைக்கோல் மூன்றும் சேர்ந்து செய்வது. மெஷினை மட்டும் நம்பி வேலியோரம் முழுக்க மண்ணோடு மண்ணாக வெட்டித் தள்ளியவர்களின் தோட்டத்தில், அடுத்த மழைக்கு ஒரு தூருக்குப் பத்துத் தளிர் வந்து நிற்கும். மெஷின் மேல் குற்றமில்லை. அதை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று கடையில் யாரும் சொல்லித் தருவதில்லை.

இங்கே எடைபோடுவது தோளில் தொங்கவிட்டு ஓட்டும் 35 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் ரகம். ஹோண்டாவின் ஜிஎக்ஸ் 35 எஞ்சின் (35.8 சிசி) இந்த ரகத்துக்கு அளவுகோல் மாதிரி. ஏறக்குறைய அதே அச்சில் மலிவு விலை எஞ்சின்களும் நிறைய வருகின்றன. மலிவானவை பதினைந்தாயிரத்துக்குள் கிடைக்கும், பெயர் பெற்ற கம்பெனி மெஷின் முப்பதாயிரத்தைத் தாண்டும். பார்க்கும் இடம் மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதி: ஆனைகட்டி, தாளவாடி, கூடலூர்ப் பக்கத்தில் இரண்டு மூன்று ஏக்கர் தோட்டம், எட்டு பத்து அடிக்கு ஒரு கல்கால், நான்கைந்து வரிசை முள்கம்பி. இரண்டு ஏக்கர் சதுர நிலம் என்றால் சுற்றளவு சுமார் 360 மீட்டர். அந்தத் தூரத்துக்கு என்ன வாங்குவது, எப்படி வெட்டுவது என்பதுதான் கணக்கு.

முதலில் செடியைப் பற்றிக் கொஞ்சம். இது தெரியாமல் எந்தக் கருவியையும் எடைபோட முடியாது. லாண்டனா கமாரா என்ற இந்த உண்ணிச்செடி அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காகவும் வேலிக்காகவும் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து நாடெங்கும் பரவியது. தனியாக நின்றால் புதர். சாய ஒரு கம்பியோ மரமோ கிடைத்தால் கொடி மாதிரி ஏறிவிடும். வேலியோரத்தில் மட்டும் இவ்வளவு அடர்த்தியாக வருவதற்குக் காரணம் பறவைகள். கொண்டைக்குருவியும் மைனாவும் பழத்தைத் தின்றுவிட்டுக் கம்பியில் வந்து உட்காரும், எச்சத்தோடு விதை நேராகக் கம்பிக்கு அடியில் விழும். ஆகவே வேலியை ஒருமுறை சுத்தம் செய்தால் முடிந்துவிடும் என்ற எண்ணமே வேண்டாம். பக்கத்துக் காட்டில் செடி இருக்கும்வரை விதை வந்துகொண்டேதான் இருக்கும்.

வெட்டும் முன் எது உண்ணி, எது நம்முடையது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். உண்ணியின் இளந்தண்டு நான்கு பட்டையாக இருக்கும். பட்டையின் விளிம்பில் கீழ்நோக்கி வளைந்த சின்ன முட்கள். இலைகள் எதிரெதிராக, இரண்டு இரண்டாக வரும். தொட்டால் சொரசொரப்பு, கசக்கினால் காட்டமான வாடை. அதே வேலியில் ஏறும் சூரை முள்ளுக்கு இலை மாறி மாறி வரும். இண்டுக்குப் புளிய இலை போலச் சிறுசிறு இலைகள். ஆதொண்டை, தூதுவளை, வேலிப்பருத்தி, கோவை இவையெல்லாம் நம் வேலியின் பழைய குடிகள், ஆதொண்டையில் வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள் வளரும். மெஷினுக்கு இந்த வித்தியாசம் எதுவும் தெரியாது. கிளுவை நட்ட உயிர்வேலியாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. முள்கிளுவையின் தூரில் பிளேடு ஒருமுறை பட்டாலே பட்டை உரிந்து, அந்த இடம் அழுகத் தொடங்கும். உயிர்வேலிக்குள் பிரஷ் கட்டரை நுழைக்கவே கூடாது, கத்தரியும் குந்தாலியும் மட்டுமே.

இனி மெஷின். ஃபோர் ஸ்ட்ரோக் என்பதால் வெறும் பெட்ரோல் ஊற்றினால் போதும், ஆயில் கலக்கும் தொல்லை இல்லை. டூ ஸ்ட்ரோக்கில் லிட்டருக்கு 20 மில்லி (1:50) என்று அளந்து கலக்க வேண்டும். கூலிக்கு வருபவர் அளவு தவறினால் பிஸ்டன் போய்விடும். இரண்டு மூன்று பேர் மாற்றி மாற்றி ஓட்டும் தோட்டத்துக்கு ஃபோர் ஸ்ட்ரோக்தான் சரி. அதற்கு ஈடாக எடை கூடுதல், மெஷின் ஏழு கிலோவைத் தொட்டு நிற்கும். எஞ்சின் ஆயில் 100 மில்லி மட்டுமே பிடிக்கும் என்பதை மறக்கக் கூடாது. அவ்வளவு குறைந்த ஆயிலில் 20 மில்லி குறைந்தாலே ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். ஒவ்வொரு நாளும் ஸ்டார்ட் செய்யும் முன் மெஷினைச் சமமாக வைத்து ஆயில் பார்க்க வேண்டும். 10டபிள்யூ-30 ஆயில், முதல் 10 மணி நேரத்தில் ஒருமுறை மாற்றம், பிறகு 50 மணி நேரத்துக்கு ஒருமுறை. டேங்க் 0.6 லிட்டரைச் சுற்றி இருக்கும், முழு வேகத்தில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் கொஞ்சம் ஓடும். மனிதன் ஓய்வெடுக்கவும் அந்த இடைவெளி சரியாக இருக்கிறது.

எஞ்சின் பலம் உண்ணிக்குத் தாராளமாகப் போதும். 50 சிசி வேண்டும் என்று கடைக்காரர் தள்ளினால் வாங்க வேண்டியதில்லை. உண்ணித் தண்டு கட்டைவிரல் பருமனில் தொடங்கி, பழைய தூரில் மணிக்கட்டுப் பருமன் வரை போகும். அதை வெட்டுவது பிளேடின் வேலை, எஞ்சினின் வேலை அல்ல. இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் காசைத் தப்பான பக்கம் செலவழிக்கிறார்கள்.

மெஷினோடு பெட்டியில் வருவது பெரும்பாலும் நைலான் நரம்புத் தலையும் ஒரு மூன்று பல் பிளேடும். நரம்பு புல்லுக்கு மட்டும்தான். உண்ணியில் பட்டால் இலை கிழியும், தண்டு அப்படியே நிற்கும். முள்கம்பிக்கு அருகே கொண்டுபோனால் முள்ளில் பட்டுப் பட்டு நிமிடத்தில் அறுந்து தீரும், தோட்டமெங்கும் பிளாஸ்டிக் துண்டுதான் மிச்சம். மூன்று பல் ஸ்டீல் பிளேடு இளம் புதருக்கும் விரல் பருமன் தண்டுக்கும் நல்லது, கல்லில் பட்டால் அரத்தால் ராவிக்கொள்ளலாம். அதற்கு மேல் பருமன் என்றால் அறுக்காது, அடித்து உதறும். அந்த உதறல் முழுவதும் கைக்கும் கியர் பெட்டிக்கும்தான் போகிறது.

உண்ணிக்கு வேண்டியது 255 மி.மீ. விட்டம், 40 பல் கொண்ட கார்பைடு முனை வட்ட பிளேடு, கடையில் டிசிடி பிளேடு என்பார்கள். நடு ஓட்டை 25.4 மி.மீ. இருக்க வேண்டும். 80 பல் உள்ளதும் விற்கிறது. அது அறுக்கும் இடம் வழுவழுப்பாக வரும், ஆனால் பச்சை உண்ணியின் நார் பல்லிடுக்கில் அடைத்துக்கொண்டு சூடேறும். ஈரத் தண்டுக்கு 40 பல்லே மேல். வாங்கும்போது ஒவ்வொரு பல்லையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நுனியில் ஒட்டியிருக்கும் கார்பைடு துண்டு பிளேடின் உடம்பைவிடச் சற்றே அகலமாக இரண்டு பக்கமும் வெளியே நிற்க வேண்டும். அப்போதுதான் வெட்டிய இடத்தில் பிளேடு உரசாமல் ஓடும். சாய்ந்தோ உள்வாங்கியோ ஒட்டிய பிளேடுகள் நிறைய வருகின்றன, அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பல் ஒன்று உடைந்து பறந்த பிளேடை மறுபடி மாட்டக் கூடாது. எடை ஒரு பக்கம் குறைந்து அதிரும், அடுத்த பல் எப்போது தெறிக்கும் என்று சொல்ல முடியாது.

கார்பைடின் பலவீனம் கல். கல்கால் அடியில் இறுக்குவதற்குப் போட்ட சல்லி புல்லுக்குள் மறைந்திருக்கும். ஆகவே இரண்டு கல்காலுக்கு நடுவே டிசிடி, கல்காலைச் சுற்றி இரண்டடிக்குக் கத்தரி என்று பிரித்துக்கொள்வதே நல்லது. ஒவ்வொரு கல்காலுக்கும் பிளேடை மாற்றிக்கொண்டிருக்க யாருக்கும் பொறுமை இருக்காது. மாற்றும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: பிளேடு நட்டு இடதுமரை. வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். வழக்கம்போல இடப்பக்கம் திருப்பி மேலும் இறுக்கி, மரை தேய்ந்து போன மெஷின்கள் மெக்கானிக் கடைகளில் வரிசையாகக் கிடக்கின்றன. வாங்கும்போதே நட்டு ஒன்றும் வாஷர் ஒன்றும் கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கைப்பிடி விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. சைக்கிள் கைப்பிடி போல அகலமாக வரும் இரட்டைக் கைப்பிடி திறந்த வெளியில் மிகச் சௌகரியம், முழு உடம்பையும் திருப்பிச் சீராக வீசலாம். வேலியோரத்தில் அதே கைப்பிடி கல்காலிலும் கம்பியிலும் இடித்துக்கொண்டே இருக்கும். வளையக் கைப்பிடி உள்ள ரகம் இடுக்குக்கு வசதி. ஆனால் இரும்பு பிளேடு போடுவதாக இருந்தால், கால் பிளேடுப் பக்கம் போகாமல் தடுக்கும் குறுக்குக் கம்பி அதில் கட்டாயம் இருக்க வேண்டும். வேலி ஒழுங்கான சமதளத்தில் ஓடினால் இரட்டைக் கைப்பிடியையே எடுங்கள். மலைச்சரிவில், வரப்பு வரப்பாக இறங்கும் வேலி என்றால் முதுகில் மாட்டும் ரகத்தைப் பார்க்கலாம். அதில் எஞ்சினிலிருந்து தண்டுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் வளையும் கேபிள்தான் முதலில் போகும். கூர்மையாக மடக்கிப் பிடித்து ஓட்டினால் உள்ளே முறுக்கிக்கொண்டு அறுந்துவிடும், கிரீஸ் காய்ந்தாலும் அதே கதிதான்.

ஓட்டும் முறை. பிளேடை மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றும். அதைக் கடிகார முகமாக நினைத்துக்கொண்டால், 12 மணிக்கும் 3 மணிக்கும் இடைப்பட்ட வலது முன் பகுதியில் பருத்த தண்டு பட்டால் மெஷின் வெடுக்கென்று வலப்பக்கம் உதைத்துத் தள்ளும். ஓட்டுபவரும் சேர்ந்து திரும்பிவிடுவார். வெட்ட வேண்டியது இடது பகுதியால், வலமிருந்து இடமாக வீசி. ஆகவே வேலி எப்போதும் இடது கைப்பக்கம் இருக்கும்படி நடக்க வேண்டும். வேலியை வலப்பக்கம் வைத்து நடந்தால் உதைக்கும் பகுதிதான் தண்டையும் கம்பியையும் தேடிப் போகும். இந்த ஒன்றைச் சரியாகப் பிடித்தாலே பாதி விபத்து குறையும்.

பிளேடு கம்பிக்கு ஒரு முழத்துக்கு அருகில் போகவே கூடாது. 12 கேஜ் முள்கம்பியைப் பிளேடு கவ்வினால் இரண்டில் ஒன்று நடக்கும்: பல் தெறிக்கும், அல்லது கம்பி அறுந்து சவுக்கு மாதிரி திரும்பி அடிக்கும். இறுகக் கட்டிய கம்பி அடிக்கும் வேகத்தைக் கண்ணாடி மட்டும் தடுக்காது. அதனால்தான் இந்த மெஷின் வேலி வேலையில் பாதிக் கருவி என்கிறேன். கம்பிக்கு வெளியே ஒரு மீட்டர் அகலப் பட்டையை ஒரே மூச்சில் திறந்துவிடும். கம்பியோடு பின்னிக் கிடக்கும் கடைசி முழத்தில் அதற்கு வேலையே இல்லை.

அரை வேகத்தில் ஓட்டி பெட்ரோலை மிச்சம் பிடிக்கலாம் என்று நினைப்பது இன்னொரு பெரிய தவறு. அடர்ந்த புதரில் வேகம் குறைந்தால் கிளட்ச் கட்டைகள் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கும், சூடேறிக் கருகும். பிளேடு தண்டைத் தொடும் முன்பே முழு வேகத்துக்கு வந்துவிட வேண்டும், வெட்டி முடித்து வெளியே எடுத்த பிறகுதான் விட வேண்டும்.

உண்ணி ஒரு மெஷினைக் கெடுக்கும் முக்கியமான வழி பலருக்குத் தெரிவதில்லை. இளம் கொடியின் நார், பிளேடு பிடிப்பானுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே உள்ள சிறிய இடுக்கில் சுற்றிக்கொள்ளும். வெளியே பார்த்தால் கொஞ்சம் நார் மாதிரிதான் தெரியும். உள்ளே அது ஆயில் சீலை அறுத்துவிடும். சீல் போனால் கிரீஸ் உருகி வெளியேறும், பிறகு பேரிங் கத்தத் தொடங்கும், கடைசியில் கியர் பல் போகும். ஒவ்வொரு டேங்க் முடியும்போதும் எஞ்சினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் தொப்பியைக் கழற்றிவிட்டு, அந்த நாரைக் கத்தி முனையால் எடுத்துவிட வேண்டும். கியர் பெட்டியைத் தொட்டுப் பாருங்கள்: வெதுவெதுப்பாக இருக்கலாம், கை வைக்க முடியாத சூடு இருந்தால் கிரீஸ் இல்லை. 25 மணி நேரத்துக்கு ஒருமுறை லித்தியம் கிரீஸ் அடைப்பது செலவே இல்லாத வேலை, கியர் தலை மாற்றுவது ஆயிரக்கணக்கில் போகும். ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சைத் தினமும் தட்ட வேண்டும். காய்ந்த உண்ணி இலையின் தூள் மிக நுண்ணியது.

இப்போது மெஷினைக் கீழே வைத்துவிட்டு, நிஜமாகவே வேலியைக் காப்பாற்றும் கருவிகளுக்கு வரலாம். நீளக் கைப்பிடிக் கத்தரியில் இரண்டு வகை உண்டு. ஒரு அலகு இன்னொன்றை உரசிக் கடந்து போகும் வகை பச்சைத் தண்டுக்கு. ஒரு அலகு தட்டையான மேடையில் போய் அழுத்தும் வகை காய்ந்த கட்டைக்கு. உண்ணிக்கு முதல் வகையை வாங்குங்கள், 60 முதல் 70 செ.மீ. கைப்பிடி, 35 மி.மீ. பருமன் வரை வாய் திறப்பது. நடு போல்ட்டை இறுக்கிக்கொள்ளும்படி இருக்க வேண்டும். ரிவெட் அடித்து மூடியது என்றால் ஒரு மாதத்தில் அலகுகளுக்கு நடுவே இடைவெளி விழுந்து, தண்டை வெட்டாமல் மென்று தள்ளும். கொடுவாளால் கம்பியோரம் வெட்டுவது பழக்கம்தான், ஆனால் வீச்சு கம்பியில் பட்டால் வாயும் போகும், கம்பியின் துத்தநாகப் பூச்சும் போகும், அந்த இடத்தில்தான் துரு தொடங்கும். கவைக்கோல் ஒன்றுக்குக் காசே வேண்டாம். ஆறடி நீளத்தில் நுனியில் கவை உள்ள கம்பு போதும். இடது கையில் அதை வைத்துக் கிளையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு வெட்டினால் முகத்தில் முள் அடிக்காது. கையுறை முழங்கை வரை வரும் தோலுறையாக இருக்கட்டும். ரப்பர் புள்ளி வைத்த நூல் கையுறை உண்ணி முள்ளுக்கு ஒன்றுமே இல்லை.

வேலை வரிசையில்தான் எல்லாம் இருக்கிறது. சோலார் மின்வேலி என்றால் முதலில் கம்பிக்கு மின்சாரம் தரும் எனர்ஜைசரை அணைத்து, டெஸ்டரால் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். பச்சைக் கொடி கம்பியைத் தொடும் ஒவ்வொரு இடத்திலும் மின்சாரம் மண்ணுக்கு ஒழுகி வோல்டேஜ் இறங்கும். யானைப் பாதைக்குப் பக்கத்தில் இருக்கும் தோட்டங்களில் வேலி வேலை செய்யவில்லை என்ற புகாரில் பல, உண்மையில் கொடிதான். அடுத்து நீளக் கோலால் புதரை நன்றாகத் தட்டி ஆட்டி, கொஞ்ச நேரம் விட வேண்டும். கண்ணாடி விரியனும் சுருட்டையும் உண்ணித் தூரின் நிழலில் படுத்திருக்கும், குளவிக் கூடும் இலைக்கு அடியில் தொங்கும். மெஷின் சத்தத்தில் எதுவும் காதில் விழாது என்பதால் இந்த நிமிடங்களைச் சேமிக்க நினைக்காதீர்கள். மெஷின் ஓடும்போது 15 மீட்டருக்குள் வேறு யாரும் நிற்கக் கூடாது. முகத்துக்கு வலைத் தடுப்பு மட்டும் போதாது, அதற்குள் கண்ணாடியும் வேண்டும். முழங்காலுக்குக் கீழே தடித்த காப்பும் பூட்ஸும்.

வெளிப்பட்டையை வெட்டும்போது தண்டை மண்மட்டத்துக்கு வெட்டாதீர்கள். முழங்கால் உயரத்துக்கு, ஒன்றரை அடி குச்சி நிற்கட்டும். அதுதான் பிறகு வேரைப் பிடித்து ஆட்டும் கைப்பிடி. மண்ணோடு வெட்டினால் பார்க்க அழகாக இருக்கும், பிடித்து இழுக்க ஒன்றும் இருக்காது, கூர்மையான குத்துக் கட்டைகள் மட்டும் காலுக்குக் காத்திருக்கும்.

கம்பியில் பின்னிய மேல்பகுதியை அன்றே பிடித்து இழுக்க வேண்டாம். பச்சையாக இழுத்தால் வளைந்த முட்கள் எல்லாம் கம்பியைப் பிடித்துக்கொள்ளும், கட்டுக்கம்பி அவிழும், வரிசை தளரும். அடியை வெட்டிவிட்டு இரண்டு மூன்று வாரம் வெயிலில் விட்டால் இலை உதிர்ந்து எடை பாதிக்கும் கீழே இறங்கும், தண்டு நொறுங்கும். பிறகு கத்தரியால் முழ நீளத் துண்டுகளாக வெட்டித் தொரட்டியால் எடுத்தால் கம்பி அசையாது. மாசி, பங்குனிதான் இதற்கு நல்ல காலம்.

வேலியிலேயே தீ வைத்துவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. காய்ந்த உண்ணி மிகுந்த சூட்டோடு எரியும். துத்தநாகம் 420 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகிவிடும். எரிந்த வேலியின் முள்கம்பி அடுத்த மழையிலேயே செம்பழுப்பாகும், கல்காலும் சூட்டில் விரிசல் விடும். ஐந்தாறு ஆண்டு கழித்து மாற்ற வேண்டிய கம்பியை உடனே மாற்றும் செலவு அது. மலையடிவாரத்தில் தீ காட்டுக்குள் போனால் விளைவு இன்னும் பெரிது.

வேர் வேலைக்கு முதல் கோடை மழை விழட்டும். மண் இளகியதும் தூரைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குக் குந்தாலியால் பறித்து, ஆணிவேரை மண்மட்டத்திலிருந்து 3 முதல் 5 செ.மீ. கீழே வெட்டிவிட்டு, விட்டுவைத்த குச்சியைப் பிடித்து முழுத் தூரையும் தலைகீழாகப் புரட்டிப் போட வேண்டும். டெல்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சி.ஆர். பாபு குழுவினர் உருவாக்கி, காப்புக்காடுகளில் பயன்படுத்திய முறை இதுதான். காரணம் எளிது: உண்ணி மறுபடி துளிர்ப்பது தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியிலிருந்து. அதற்குக் கீழே வெட்டினால் மண்ணில் மிஞ்சும் வேர் தளிர் விடாது. முழு ஆணிவேரையும் தோண்டி எடுக்க அரை நாள் மெனக்கெட வேண்டியதில்லை. தலைகீழாகப் போடுவதும் சும்மா இல்லை, தண்டின் கணுக்கள் ஈரமண்ணைத் தொட்டால் அங்கேயே வேர் பிடித்துவிடும். இதே காரணத்தால் வெட்டிய கிளைகளை ஈர வரப்பில் பரப்பக் கூடாது, பாறை மேலோ கல் குவியல் மேலோதான் போட வேண்டும்.

ஆடு மாடு எட்டும் இடத்திலும் போடக் கூடாது. உண்ணி இலையில் உள்ள லாண்டடீன் நச்சு ஈரலைக் கெடுத்து மஞ்சள் காமாலை கொண்டுவரும். வெயில் பட்ட இடத்தில் தோல் வெந்து உரியும். உள்ளூர் மாடுகள் பெரும்பாலும் மோந்து பார்த்து ஒதுக்கும். பசியோடு இருக்கும் கன்றும், வெளியூரிலிருந்து புதிதாக வாங்கி வந்த மாடும்தான் மாட்டிக்கொள்ளும்.

ஜேசிபி வைத்து ஒரே நாளில் முடித்துவிடலாமே என்று கேட்பவர்களுக்கு: கல்காலையும் சேர்த்துப் பிடுங்கிப் புது வேலி போடப் போகிறீர்கள் என்றால் மட்டும் அழையுங்கள். பக்கெட் மேல்மண்ணைச் சுரண்டிப் புரட்டும்போது புதைந்து கிடந்த விதைக்கு வெளிச்சம் காட்டிவிடும், நசுங்கிய தண்டுகளையும் மண்ணோடு கலந்து பரப்பிவிடும். களைக்கொல்லி பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் வழியாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. தவிர, வேலியோரத்தில் தெளித்தால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் பயிருக்குப் போகும். கழுத்துக்குக் கீழே வெட்டிய தூருக்கு மருந்தே தேவைப்படாது.

வெறுமையாக விட்ட வேலியோரம் விதைக்கு அழைப்பு. வேர் எடுத்த கையோடு கொழுக்கட்டைப் புல் விதையைத் தூவிவிடுங்கள், மழைக்கு அது முதலில் எழுந்து மண்ணை மூடிவிட்டால் உண்ணி நாற்றுக்கு வெளிச்சம் கிடைக்காது. அப்படியும் வருவதை ஒரு சாண் உயரத்தில் பார்த்தால் ஈர மண்ணில் இரண்டு விரலால் பிடுங்கிவிடலாம், அந்த வயதில் முள்ளும் பஞ்சு மாதிரி இருக்கும். ஆடி, ஐப்பசி மழைகளுக்குப் பிறகு கம்பிக்கு அடியில் ஒரு நடை நடந்தால் போதும். இந்த நடைக்கு மெஷினை எடுத்துப் போகவே கூடாது: நாற்றைப் பிளேடால் வெட்டினால் கழுத்து மண்ணில் தங்கி, ஒன்று நான்காகும்.

யார் வாங்கலாம்? வேலி தவிர வரப்புப் புல், தென்னைக்கு அடியில் களை என்று வருடம் முழுக்க வேலை இருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம், அந்த வேலைகளில் இந்த மெஷின் முழு மதிப்பெண் வாங்கும். உண்ணி வேலிக்கு மட்டும் என்றால், 360 மீட்டர் சுற்றளவுக்குச் சொந்த மெஷின் அதிகப்படி. வெளிப்பட்டை திறக்கும் வேலைக்கு நாள் வாடகைக்கு எடுத்து, டிசிடி பிளேடை மட்டும் சொந்தமாக வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள். வாடகை மெஷினில் வரும் பிளேடு பெரும்பாலும் மழுங்கியிருக்கும். மிச்சமாகும் பணத்தில் நல்ல கத்தரியும் தோலுறையும் வந்துவிடும். வாங்குவதாக முடிவெடுத்தால் கம்பெனிப் பெயரைவிட, உங்கள் ஊருக்குப் பக்கத்துக் கடையில் கிளட்ச் கட்டை, கியர் தலை, கார்புரேட்டர் டயாஃப்ரம் மூன்றும் கையிருப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல மெஷினும் சீசன் நடுவில் மூலையில் கிடக்கும். ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டப் போவதில்லை என்றால் டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் இருப்பதும் தீரும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்து, சின்ன ஜெட்டுகளை அடைத்துவிடும்.

வேளாண் பொறியியல் துறையின் மானியத்தில் புதர் அகற்றும் கருவி என்ற பெயரில் இது வருகிறது, சிறு, குறு விவசாயிகளுக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம் என்ற கணக்கில், துறை வைத்திருக்கும் உச்சவரம்புக்கு உட்பட்டு. கடையில் காசு கட்டிவிட்டு பில்லோடு போனால் கிடைக்காது. உழவன் செயலியிலோ உதவி செயற்பொறியாளர் அலுவலகத்திலோ முதலில் பதிந்து, அனுமதி வந்த பிறகு, துறையின் பட்டியலில் உள்ள மாடலைத்தான் வாங்க வேண்டும். நீங்கள் மனதில் வைத்திருக்கும் மாடல் பட்டியலில் இருக்கிறதா என்று பதியும்போதே கேட்டுவிடுங்கள்.